எரிந்த ஜெனரேட்டரைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

வீட்டில் வைத்திருக்கும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் தீப்பிடித்து யாருக்காவது காயம் ஏற்பட்டால், "புதுசு தருகிறோம்" என்று கடைக்காரர் சொன்னாலும் எரிந்த மெஷினைக் கொடுத்துவிடாதீர்கள். சீரியல் எண் தெரியப் படம் எடுத்து, பில்லோடு பத்திரப்படுத்துங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். ஆனால் பொருளில் குறைபாடு இருந்ததை நாம்தான் நிரூபிக்க வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். மெஷினே இல்லையென்றால் எதை அனுப்புவது? வக்கீல் வைப்பது கட்டாயமில்லை. 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்துவிடுங்கள், அதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். சூடாக ஓடும்போதே பெட்ரோல் ஊற்றியதாலோ, நாமே கேஸ் கிட் மாட்டி மாற்றியதாலோ தீப்பிடித்திருந்தால் இந்த வழி பலிக்காது.