பழைய வெப்லியும் புதிய குளொக்கும்: மலையகத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

அனுமதிப்பத்திரம் இல்லாத கைத்துப்பாக்கியைத் தொடவே வேண்டாம். துரை பங்களாவின் பழைய அலுமாரியில் ஒன்று அகப்பட்டால், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பொலிஸ் நிலையத்துக்குச் சொல்லுங்கள். பழம்பொருள்தானே என்று நினைத்து வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. துப்பாக்கிகள் பற்றிய 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கீழே வருவது அனுமதியோடு வைத்திருப்பவர்களுக்கு.

பழைய பிரித்தானிய ரிவோல்வரான வெப்லியையும் இன்றைய பிஸ்டலான குளொக்கையும் ஒப்பிடுவதற்கு முன், இரண்டிலும் ரவை இல்லாதபடி வெறுமையாக்க வேண்டும். இரண்டின் வேறுபாடும் அங்கேயே தெரிந்துவிடும். வெப்லி மார்க் 6 ரிவோல்வரில் சுத்தியலுக்குப் பக்கத்திலுள்ள தாழ்ப்பாளை அழுத்திக் குழலைக் கீழே மடக்கினால், நடுவிலுள்ள நட்சத்திரத் தகடு எழும்பி ஆறு ரவைகளையும் வெளியே தள்ளும். ரவைகள் இருக்கும் உருளையின் ஆறு துளைகளையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். பழைய ரவையின் விளிம்பு சில வேளை தகட்டுக்கு அடியில் நழுவிச் சிக்கும், வேகமாக மடக்காதீர்கள்.

குளொக் 17இல் அப்படி இல்லை. ரவைகள் அடுக்கிய மகசீனைக் கழற்றிய பிறகும் குழலுக்குள் ஒரு ரவை மறைந்திருக்கலாம். ஆகவே முதலில் மகசீன், பிறகுதான் மேற்பகுதியைப் பின்னால் இழுப்பது. வரிசை மாறினால், உள்ளே இருந்த ரவை வெளியே விழும், மகசீனிலிருந்து அடுத்தது ஏறிவிடும். கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவிப் பாருங்கள். இப்படி வெறுமையாக்கிய பிறகு, துப்பாக்கியைப் பாகம் பாகமாகக் கழற்றுவதற்கு முன் விசையை இழுத்தாக வேண்டும். வெடித்துவிடும் விபத்துகள் நடப்பது இந்தக் கட்டத்தில்தான்.

வெப்லி முழுதும் உருக்கு, 1.1 கிலோ அளவில் கனக்கும், ஆறு ரவை. குளொக்கின் சட்டகம் பொலிமர் என்ற உறுதியான பிளாஸ்டிக், மகசீன் இல்லாமல் ஏறத்தாழ 630 கிராம், 17 ரவை.

பழையதை மதிப்பிடச் சுத்தியலை மெதுவாகப் பின்னிழுத்து, உருளையை விரலால் ஆட்டிப் பாருங்கள். மயிரிழை அசைவு இருக்கலாம். கடகடவென்று ஆடினால் பூட்டும் பற்கள் தேய்ந்துவிட்டன. வெறும் துளையில் விசையைத் தட்டி விளையாடாதீர்கள். உள்ளே இருப்பது மடித்த தகட்டு வில். நூறு வயது வில் ஒடிந்தால் அதே அளவில் வேறொன்று கிடைப்பது அரிது. சட்டகம், குழல், உருளை மூன்றிலும் தொடரிலக்கம் ஒன்றாக இருந்தால் சேகரிப்பாளரிடம் மதிப்புக் கூடும்.

இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். வெப்லிக்கு உரிய .455 ரவை அரிதானதும், .45 ஏசிபி என்ற வேறு வகை ரவை பொருந்தும்படி பல வெப்லிகளின் உருளையைப் பின்பக்கம் கடைந்துவிட்டார்கள். அந்த ரவையின் அழுத்தம் இந்தத் துப்பாக்கி தாங்கும் அளவை மீறியது. பொருந்துகிறது என்பதற்காகச் சுட்டால் உருளை பிளக்கலாம்.

நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்தில் குளொக்கின் சட்டகம் துருப்பிடிக்காது. மேற்பகுதியும் எளிதில் பிடிக்காது. சிறு ஊசிகளையும் வில்களையும் மட்டும் கவனித்தால் போதும். வெப்லியின் நீலக்கறுப்புப் பூச்சோ எண்ணெயைப் பிடித்து வைக்கும், துருவைத் தானாகத் தடுக்காது. விரல் ரேகையின் உப்பே சில நாளில் புள்ளியாகப் பூக்கும். தொட்டதும் துடைத்து, மெல்லிய கனிம எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது: மலைக்குளிரில் உறைந்து விசையை இறுக்கும். பித்தளை மினுக்கும் பிராசோ போட்டு மினுக்கினால் பூச்சும் போகும், எழுத்துகளும் மங்கும், விலையும் விழும்.

குளிரில் கிடந்ததைக் கணப்பு எரியும் அறைக்குக் கொண்டுவந்தால் நீர் முத்து முத்தாகப் படியும். துணியில் சுற்றியபடியே அறைச்சூடு ஏறும்வரை விட்டு, பிறகு திறந்து துடையுங்கள். தோலுறைக்குள் போட்டு வைக்க வேண்டாம். பதனிட்ட தோல் ஈரத்தை உறிஞ்சி, உறை தொடும் இடத்திலெல்லாம் உருக்கை அரிக்கும். எண்ணெய்த் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பூட்டிய இரும்புப் பெட்டியில் வையுங்கள். மழைக்காலத்தில் பொட்டலத்தை அடிக்கடி மாற்றுங்கள்.