பிரெட் ஹார்ட்டின் வாழ்க்கையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழில்முறை மல்யுத்தத்தில் நுட்பத்துக்குப் பெயர்போன வீரர்களைச் சொல்லத் தொடங்கினால் கனடாவின் பிரெட் ஹார்ட் முதல் சில பெயர்களுக்குள் வந்துவிடுவார். ஆனால் அவரைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர், 1997ஆம் ஆண்டு மான்ட்ரியலில் நடந்த ஒரே ஒரு இரவை நடுவில் வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கு முன்னுரையாகவும் பின்னுரையாகவும் சுருக்கிவிடுகிறார்கள். அந்த இரவு முக்கியமானதுதான், அதைப் பிறகு பார்ப்போம். 1978 முதல் 2000 வரை வளையத்துக்குள் அவர் செய்த வேலையைப் புரிந்துகொள்ளாமல் அந்த இரவை மட்டும் எழுதினால், அவர் எதைக் காப்பாற்றப் போராடினார் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

நுட்பமான வீரர் என்றால் நிறையப் பிடிகள் தெரிந்தவர் என்று எண்ணுவதே மற்றத் தவறுகளுக்கு வேராக இருக்கிறது. உண்மையில் பிரெட் ஹார்ட் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் பயன்படுத்திய அடிகள் மிகக் குறைவு. அவை பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வரும். எதிராளியின் காலைத் தன் காலால் கொக்கிபோட்டு இருவரும் மல்லாந்து விழும்படி சாய்ப்பார். தூக்கித் தன் முழங்காலின் மேல் முதுகு மோதும்படி போடுவார். இரண்டாவது கயிற்றிலிருந்து முழங்கையை நீட்டிப் பாய்வார். கடைசியில் ஷார்ப்ஷூட்டர் பூட்டைப் போடுவார். இதையே ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஷார்ப்ஷூட்டர் எப்படிப் போடப்படுகிறது என்று ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் அந்தக் குறை நிற்காது. மல்லாந்து கிடப்பவரின் இரு கால்களுக்கும் நடுவே தன் ஒரு காலை ஊன்றி, அவருடைய கால்களை அந்தக் காலைச் சுற்றிக் குறுக்காகப் போட்டு, அவரைக் குப்புறப் புரட்டிவிட்டுப் பின்னால் சாய்ந்து உட்கார வேண்டும். அப்போது முழுச் சுமையும் கீழ்முதுகில்தான் இறங்குகிறது. முன்னால் போட்ட அடிகளில் பலவும் அதே முதுகைத்தான் தளர்த்தியிருக்கின்றன என்பதால், பூட்டு விழும்போது எதிராளி ஏன் தாங்க முடியாமல் தவிக்கிறார் என்பதை யாரும் விளக்காமலே பார்வையாளர் உணர்ந்துவிடுகிறார். என் பார்வையில் அவருடைய நுட்பம் இதுதான்: ஒவ்வோர் அடிக்கும் ஒரு காரணமும் அதற்குப் பின்னால் ஒரு விளைவும் இருந்தன.

அடுத்து, ஷார்ப்ஷூட்டர் அவர் கண்டுபிடித்த பூட்டு என்று எழுதாதீர்கள். ஜப்பானில் ரிக்கி சோஷு அதை முன்பே புகழ்பெறச் செய்திருந்தார். அமெரிக்காவில் ஸ்டிங் அதே பூட்டை வேறு பெயரில் போட்டுக்கொண்டிருந்தார். தனி வீரராக வளரத் தொடங்கிய காலத்தில் அதைப் பயன்படுத்தலாமே என்ற யோசனையைச் சொன்னவர் பேட் பேட்டர்சன் என்றும், போடும் முறையைக் கற்றுக்கொடுத்தவர் கோனன் என்ற வீரர் என்றும் பிரெட் ஹார்ட்டே கூறியிருக்கிறார்.

அவருடைய பயிற்சியைப் பற்றிய பிழையும் இதற்கு நெருக்கமானது. கால்கரியில் 1957 ஜூலை 2 அன்று, பன்னிரண்டு பிள்ளைகளில் எட்டாவதாகப் பிறந்தவர் அவர். தந்தை ஸ்டூ ஹார்ட் ஸ்டாம்பீட் ரெஸ்லிங் என்ற நிறுவனத்தை நடத்தியவர். வீட்டின் நிலவறையில் இளைஞர்களைப் பிடித்து முறுக்கிப் பயிற்சி கொடுத்தவர். அந்த நிலவறைக் கதைகள் சுவையானவை என்பதால், மகன் கற்றதெல்லாம் அங்கேதான் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். பள்ளிக் காலத்தில் அவர் போட்டி மல்யுத்தத்தில் பரிசு வென்றவர் என்பதும், தொழில்முறை மல்யுத்தத்துக்கே உரிய விழும் முறையையும் ஆட்டத்தின் ஒழுங்கையும் மிஸ்டர் ஹிட்டோ என்று அழைக்கப்பட்ட கட்சுஜி அடாச்சி, கசுவோ சகுராடா என்ற இரு ஜப்பானிய வீரர்களிடம் கற்றார் என்பதும் விடுபட்டுப்போகின்றன. தந்தையின் நிறுவனத்தில் அவர் தொடக்கத்தில் நடுவராகவும் வேலை பார்த்திருக்கிறார். இரண்டு பேர் சேர்ந்து ஓர் ஆட்டத்தை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதை அத்தனை அருகில் நின்று பார்க்கும் வாய்ப்பு சிறியதல்ல.

முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படுவதால் எல்லாம் எளிது என்று கருதுவது ரசிகர் அல்லாதவர்கள் செய்யும் தவறு. 1991 ஆகஸ்ட் 26 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மிஸ்டர் பர்ஃபெக்ட் எனப்பட்ட கர்ட் ஹென்னிக்கை வென்று அவர் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) நிறுவனத்தின் இரண்டாம் நிலைப் பட்டமான இன்டர்கான்டினென்டல் பட்டத்தைப் பெற்ற ஆட்டத்தை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். ஹென்னிக்கின் முதுகு அப்போது மோசமாகக் காயப்பட்டிருந்தது. அந்த ஆட்டத்துக்குப் பிறகு ஓராண்டுக்கும் மேல் அவரால் வளையத்துக்குத் திரும்ப முடியவில்லை. அப்படிப்பட்டவரோடு ஆடும்போது அவருடைய முதுகையும் காக்க வேண்டும், அவர் வலிமையான சாம்பியன் என்ற எண்ணமும் குலையக் கூடாது. முடிவில் பிரெட் ஹார்ட் தரையில் மல்லாந்து கிடக்க, ஹென்னிக் காலை ஓங்கிப் போட்டபோது, கிடந்த நிலையிலேயே அந்தக் காலைப் பிடித்துச் சுற்றி ஷார்ப்ஷூட்டராக மாற்றி எழுந்தார். இத்தனை ஆண்டுகளில் எதிராளி எவரையும் கடுமையாகக் காயப்படுத்தியதில்லை என்பதைத்தான் அவர் தன் பெருமையாகச் சொல்லிவருகிறார். பட்டங்களைவிட இந்தப் பெருமையை முதலில் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

ஏனென்றால் பட்டங்களை எண்ணுவது அவரை அளக்கப் போதாத அளவுகோல். டபிள்யூ.டபிள்யூ.எஃப். சாம்பியனாக ஐந்து முறை, அதன் போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வின் உலகச் சாம்பியனாக இரண்டு முறை என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் 1992 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் தங்கையின் கணவர் டேவி பாய் ஸ்மித்திடமும், 1994 மார்ச் 20 அன்று டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் பத்தாவது பதிப்பில் தம்பி ஓவனிடமும் அவர் ஆடிய ஆட்டங்கள் இரண்டும் அவருடைய மிகச் சிறந்தவற்றில் சேர்க்கப்படுபவை. இரண்டிலும் அவர் தோற்றார். மாறாக, 1992 அக்டோபர் 12 அன்று ரிக் ஃபிளேரை வென்று முதல் உலகப் பட்டம் பெற்ற ஆட்டம் கனடாவின் சாஸ்கட்டூனில், தொலைக்காட்சி ஒளிபரப்பு இல்லாமல் நடந்தது.

தோல்வியாலும் வெற்றியாலும் எதிராளியை உயர்த்துவது எப்படி என்பதற்கு 1997 மார்ச் 23 அன்று சிகாகோவுக்கு அருகில் நடந்த ரெஸில்மேனியா 13ஐப் பார்க்க வேண்டும். ஸ்டீவ் ஆஸ்டினுடன் நடந்த அந்த ஆட்டம் சரணடையவைத்தால்தான் வெற்றி என்ற விதியில், கென் ஷாம்ராக் நடுவராக இருக்க, நடந்தது. ஆஸ்டின் சரணடைந்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஆட்டத்தின் பொருளையே கெடுத்துவிடும். முகமெங்கும் இரத்தம் வழிய ஷார்ப்ஷூட்டரில் சிக்கியிருந்த ஆஸ்டின் கடைசி வரை சரணடையவில்லை. நினைவிழந்ததால்தான் ஆட்டம் நிறுத்தப்பட்டது. வென்ற பிறகும் விழுந்து கிடந்தவரை பிரெட் ஹார்ட் தாக்கினார். நுழையும்போது கெட்டவராக இருந்த ஆஸ்டின் வெளியேறும்போது நாயகனானார். நாயகனாக வந்தவர் வசவு வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பின் அவர் வில்லனாகிவிட்டார் என்று பொதுவாகச் சொல்வதும் பாதி உண்மையே. அமெரிக்காவில் அவரை வசைபாடினார்கள். அதே ஆண்டு ஜூலையில் கால்கரியில் நடந்த நிகழ்ச்சியில் அவருடைய அணிக்குக் கிடைத்த வரவேற்பில் அரங்கமே அதிர்ந்தது. எந்த நாட்டு அரங்கம் என்று குறிப்பிடாமல் அந்த ஆண்டைப் பற்றி எழுத முடியாது.

மான்ட்ரியலுக்கு வருவோம். பணத்துக்காக நிறுவனத்தை விட்டு ஓடினார் என்பது முதல் பிழை. 1996இல் போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வின் பெரிய தொகையை மறுத்து, அவர் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.புடன் இருபது ஆண்டு ஒப்பந்தம் செய்தார். அடுத்த ஆண்டே, நிதி நெருக்கடியைக் காட்டி அதிலிருந்து விலகிக்கொள்ளும்படி கேட்டவர் டபிள்யூ.டபிள்யூ.எஃப். உரிமையாளர் வின்ஸ் மக்மேன். யாரிடமும் தோற்க மறுத்தார் என்பது இரண்டாவது பிழை. கனடாவில் சக வீரர் ஷான் மைக்கேல்ஸிடம் பட்டத்தை இழக்க மாட்டேன் என்றுதான் அவர் சொன்னார். வேறு நாளில் பட்டத்தை விட்டுக்கொடுக்க அவர் ஆயத்தமாக இருந்தார். ஒப்பந்தத்தின் கடைசி முப்பது நாட்களில் தன் பாத்திரத்தைப் பற்றி நியாயமான அளவில் முடிவெடுக்கும் உரிமையும் அவருக்கு இருந்தது. 1997 நவம்பர் 9 அன்று மைக்கேல்ஸ் அவர்மேல் அவருடைய ஷார்ப்ஷூட்டரையே போட்டபோது, அவர் சரணடையாத நிலையில், வளையத்தருகே நின்ற மக்மேன் ஆட்டம் முடிந்ததாக மணியடிக்கச் சொன்னார்; பட்டம் மைக்கேல்ஸுக்குப் போனது. பிரெட் ஹார்ட்டும் இதற்கு உடந்தை என்ற சந்தேகம் இன்றும் சுற்றிவருகிறது. அந்த நாட்களில் ஓர் ஆவணப்படக் குழு அவருடனேயே இருந்தது என்பதை அறிந்தவர்கள் அதை எளிதில் எழுதமாட்டார்கள்.

தம்பி ஓவனின் மரணத்தை எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். அண்ணன் தம்பி பகை என்பது 1994இல் ரசிகர்களுக்காகக் கட்டப்பட்ட கதை. அதை வாழ்க்கையோடு குழப்பக் கூடாது. 1999 மே 23 அன்று கேன்சஸ் சிட்டியில், அரங்கின் கூரையிலிருந்து வளையத்துக்கு இறக்கப்படும் சாகச நுழைவின்போது ஓவன் விழுந்து இறந்தார். அது மல்யுத்த அடியால் நேர்ந்த மரணமன்று. ஓவன் ஆடிய டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பில் பிரெட் ஹார்ட் அப்போது இல்லை; டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போயிருந்தார்.

டபிள்யூ.சி.டபிள்யூ. வீரர் கோல்ட்பர்க்கின் ஒரே உதையில் அவருடைய தொழில் வாழ்க்கை முடிந்தது என்பதும் சுருக்கத்துக்காக உண்மையை இழப்பதாகும். 1999 டிசம்பர் 19 அன்று தலையில் விழுந்த அந்த உதை மூளை அதிர்ச்சியை உண்டாக்கியது உண்மை. ஆனால் அந்த ஆட்டமும் அத்துடன் நிற்கவில்லை. அடுத்த வாரங்களிலும், 2000 ஜனவரி வரை, அவர் தொடர்ந்து ஆடினார், மேலும் அடிபட்டார். காயத்தின் அளவை உடனே அறிந்து ஓய்வு கொடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வி அங்கேதான் இருக்கிறது; ஒற்றை உதைக் கதை அந்தக் கேள்வியை மறைத்துவிடுகிறது. 2002 ஜூன் 24 அன்று அவர் சைக்கிளிலிருந்து விழுந்ததையும், அதைத் தொடர்ந்து வந்த பக்கவாதத்தால் உடலின் இடப்பக்கம் செயலிழந்ததையும் அந்த உதையின் கணக்கில் எழுதிவிடுவது இன்னொரு பிழை.

கடைசியாக, 2010 மார்ச் 28 அன்று ரெஸில்மேனியா 26இல் மக்மேனுடன் அவர் ஆடியதைப் பழைய ஆட்டங்களோடு வைத்துத் தரம் குறைந்தது என்று எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். பக்கவாதத்திலிருந்து மீண்டு மறுபடி நடக்கக் கற்றுக்கொண்ட, 52 வயதான ஒருவரால் முதுகடித்து விழ முடியாது. அண்ணன் புரூஸ் நடுவராக நிற்க, ஹார்ட் குடும்பத்தார் வளையத்தைச் சூழ்ந்திருக்க, ஒருமுறைகூடக் கடினமாக விழ வேண்டிய தேவை வராதபடியே அந்த ஆட்டம் கட்டப்பட்டிருந்தது. அதை மீண்டும் பார்க்கிறவர்கள் அவர் எப்படி அடிக்கிறார் என்பதை விட்டுவிட்டு, ஷார்ப்ஷூட்டர் போடுவதற்கு முன் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதைக் கவனிக்கலாம்.