ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிய

‘அட்வைஸ்’ என்று நாம் ஒரே மாதிரி சொல்லிவிடுவது ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். ‘சி, இ’யில் முடிவது பெயர்ச்சொல், அறிவுரை. ‘எஸ், இ’யில் முடிவது வினைச்சொல், அறிவுரை கூறுதல். உச்சரிப்பும் வேறு. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள்: பெயர்ச்சொல்லின் கடைசி ஒலியில் அதிர்வு இருக்காது, வினைச்சொல்லில் வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிரும். இந்த அதிரும் ஒலிக்குத் தமிழில் தனி எழுத்து இல்லாததால் நம் காது இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. இன்னொன்று: பெயர்ச்சொல்லுக்குப் பன்மை கிடையாது. பத்து அறிவுரைகள் என்றாலும் கடைசியில் எஸ் சேர்க்கக் கூடாது.

‘லூஸ்’ என்று ஒலிக்கும் இரண்டு சொற்களுக்கும் இதே விரல் சோதனைதான். ‘ஓ’ இரண்டு இருந்தால் அதிராது, தொளதொளவென்று இருப்பது. ஒரே ‘ஓ’ என்றால் அதிரும், தொலைப்பது, தோற்பது. சாவியைத் தொலைத்ததாக எழுதும்போது கூடுதல் ‘ஓ’ நுழைவது மிகச் சாதாரணமாகக் காணும் பிழை. ‘பிரைஸ்’ என்பதில் விலைக்கு சி, பரிசுக்கு இசட்.

சில இணைகளில் காதை நம்பிப் பயனில்லை. ‘அஃபெக்ட்’, ‘எஃபெக்ட்’ இரண்டிலும், வேகமாகப் பேசும்போது முதல் உயிரொலி மங்கிவிடும். அங்கே வாக்கியத்தைத்தான் பார்க்க வேண்டும். ‘பாதிக்கிறது’ என்ற வினை பொருந்தினால் ‘ஏ’, ‘விளைவு’ என்ற பெயர் பொருந்தினால் ‘இ’. தூக்கமின்மை நினைவாற்றலைப் பாதிக்கிறது: ஏ. மருந்தின் விளைவு: இ. ஒரு விதிவிலக்கு உண்டு. மாற்றத்தைக் கொண்டுவருதல் என்ற பொருளில் ‘இ’யில் தொடங்குவதும் வினையாக வரும், அலுவல் நடையில் இதைப் பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

‘பிரின்சிபல்’ என்பதில் ‘எல், இ’யில் முடிவது கொள்கை, அடிப்படை விதி, எப்போதும் பெயர்ச்சொல்தான். கல்லூரி முதல்வர், கடனின் அசல், ‘முதன்மையான’ என்ற அடைமொழி எல்லாமே ‘ஏ, எல்’.

‘இட்ஸ்’ எழுதும்போது அதை ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்று விரித்துப் படியுங்கள். வாக்கியம் பொருள் தந்தால் எஸ்ஸுக்கு முன் மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) வேண்டும். இல்லையென்றால் அது ‘அதனுடைய’, மேற்குறி கூடாது.

இவை எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் கணினியின் பிழைதிருத்தி பெரும்பாலும் சிவப்புக் கோடு போடாது. எழுதி முடித்ததும் நீங்கள் வழக்கமாகத் தடுமாறும் சொற்களைத் தேடல் பெட்டியில் ஒவ்வொன்றாக இட்டு, அது வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியே படித்துச் சரிபாருங்கள்.