கடைக் கணக்கைக் கிளவுட்டில் வைக்கும்போது

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக் கடையில் கணினி பழுதானாலும், கணக்கு கிளவுட்டில், அதாவது இணையம் வழியே ஒரு நிறுவனத்தின் கணினிகளில் இருந்தால் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். அந்தக் கணினிகளை, அதாவது சேர்வரை, அந்த நிறுவனம் காக்கும். கடவுச்சொல்லும் பகிர்வும் உங்கள் பொறுப்பு.

முதலில் இருபடிச் சரிபார்ப்பைப் போடுங்கள், அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும்படி வையுங்கள். அந்தக் குறியீட்டை எஸ்எம்எஸ்ஸில் பெறுவதை விட, கைத்தொலைபேசியிலேயே உருவாக்கும் ஒதென்டிகேட்டர் செயலி பாதுகாப்பானது. கைத்தொலைபேசி தொலைந்தால் உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு வையுங்கள். ஆளுக்கொரு பயனர் கணக்குக் கொடுங்கள். வேலையை விட்டு நின்றவரின் பயனர் கணக்கை அன்றே மூடுங்கள். 'இணைப்பு உள்ள எவரும்' என்று பகிரவே வேண்டாம், அந்த இணைப்பு வாட்ஸ்அப்பில் கைமாறினால் யாரும் திறக்கலாம்.

கணினியில் செய்யும் மாற்றம் தானாகவே கிளவுட்டிலும் பதிவதுதான் ஒத்திசைவு; பலர் அதையே காப்புப்பிரதி என்று நம்புகிறார்கள். ரான்சம்வெயர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) கோப்புகளைக் குலைத்தால், குலைந்த வடிவமே கிளவுட்டுக்கு மேலேறும். கூகிள் டிரைவில் அழித்த கோப்பு குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் தங்கும். வாரம் ஒருமுறை வெளி வன்தட்டில் நகலெடுத்து, வயரைக் கழற்றி வையுங்கள். செருகியே விட்டால் அதையும் ரான்சம்வெயர் பிடிக்கும். மாதம் ஒரு கோப்பையாவது அதிலிருந்து திறந்து பாருங்கள்.