சிறுவர் கால்பந்துக்குப் புதிதாகப் பயிற்சியாளர் ஆகிறீர்களா? சீசன் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

அணிக்கு ஆள் கிடைக்கவில்லை, "நீங்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்களேன்" என்று கேட்டார்கள், நீங்களும் சரி என்றுவிட்டீர்கள். சிறுவர் கால்பந்தில் தன்னார்வப் பயிற்சியாளர்கள் பலர் இப்படித்தான் வருகிறார்கள். எனக்கே சரியாக ஆட வராதே என்று தயங்க வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு உங்கள் ஆட்டத் திறமையால் பெரிதாக ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்தில் தன் காலால் எத்தனை தடவை பந்தைத் தொடுகிறது என்பதை வைத்துத்தான் அது கற்றுக்கொள்கிறது. ஆகவே நீங்கள் பேசும் நேரம் குறைய வேண்டும், அவர்கள் ஆடும் நேரம் கூட வேண்டும். கீழே சொல்லும் தயாரிப்பெல்லாம் அதற்காகத்தான்.

படி 1: உங்கள் வயதுப் பிரிவின் விதிகளைக் கேட்டு வாங்குங்கள்

தொலைக்காட்சியில் பார்க்கும் 11 பேர் ஆட்டம் சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை. பல இடங்களில் ஆறு, ஏழு வயதில் பக்கத்துக்கு 4 பேர், ஒன்பது, பத்து வயதில் 7 பேர், பதினொன்று, பன்னிரண்டில் 9 பேர் என்று படிப்படியாகக் கூட்டுகிறார்கள். மைதானமும் கோலும் அதற்கேற்பச் சிறியவை. நால்வர் ஆட்டத்தில் பெரும்பாலும் ஆஃப்சைடும் (எதிரணியின் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்கக் கூடாது என்ற விதி) கிடையாது, கோல்கீப்பரும் கிடையாது. உங்கள் லீக்கின் விதித்தாளை வாங்கி ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள். த்ரோ-இன் (பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் உள்ளே எறிவது) தவறினால் மறுபடி எறிய விடுவார்களா, எத்தனை நிமிட ஆட்டம் போன்றவை அதில்தான் இருக்கும்.

பதிவு வேலைகளையும் இப்போதே முடியுங்கள். பின்னணிச் சரிபார்ப்பு, பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சி, முதலுதவி வகுப்பு ஆகியவற்றைக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். யாரும் கேட்காவிட்டாலும் ஒரு வழக்கத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பிள்ளையுடனும் தனியாக இருக்கக் கூடாது, செய்தி அனுப்புவதென்றால் பெற்றோருக்குத்தான் அனுப்ப வேண்டும்.

படி 2: பொருட்கள்

எட்டு வயதுக்குக் கீழ் 3-ஆம் எண் பந்து, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 4-ஆம் எண், அதற்கு மேல் 5. ஆளுக்கு ஒரு பந்து இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கிளப்பில் போதுமான பந்து இல்லையென்றால் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். பந்தின் மேல் அச்சிட்டிருக்கும் அளவுக்கு மேல் காற்றடிக்க வேண்டாம். இறுகிப்போன பந்து பிஞ்சுக் காலுக்கு வலிக்கும். ஒருமுறை வலித்துவிட்டால் அந்தப் பிள்ளை பந்தைக் கண்டாலே ஒதுங்கும்.

அப்புறம் கோன்கள், இரண்டு நிறத்தில் கையில்லாத பனியன்கள், பம்ப், விசில், முதலுதவிப் பெட்டி. ஷின் கார்டு (முழங்காலுக்குக் கீழே முன்காலைக் காக்கும் தகடு) பயிற்சிக்கும் கட்டாயம், அதைக் காலுறை மூடியிருக்க வேண்டும். தோடு, சங்கிலி, வளையல் எதுவும் கூடாது. கால்பந்தின் சர்வதேச ஆட்ட விதிகளில் 4-ஆவது விதி இது. டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு ஆடவும் அந்த விதி அனுமதிப்பதில்லை. பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் முதல் போட்டியன்று கண்ணீர் இருக்காது.

படி 3: பெற்றோருடன் இருபது நிமிடம்

முதல் பயிற்சிக்கு முன்பே கூட்டி வைத்துப் பேசுங்கள். நேரம், தண்ணீர், வர முடியாவிட்டால் யாருக்குச் சொல்வது, ஒவ்வாமை, ஆஸ்துமா, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் என எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் சமமாக ஆட நேரம் தருவேன் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். இதைச் சீசன் நடுவில் சொன்னால் வாக்குவாதமாகிவிடும்.

இன்னொன்று: கோட்டுக்கு வெளியே நின்று "பாஸ் பண்ணு", "அடி" என்று கத்த வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளுங்கள். பந்தோடு ஓடும் பிள்ளையை அப்போது கவனித்துப் பாருங்கள். குரல் வந்த பக்கம் தலை திரும்பும், அந்த நொடியில் பந்து எதிராளியின் காலில் இருக்கும். கைதட்டுவதும் உற்சாகப்படுத்துவதும் தாராளமாக இருக்கட்டும். உதவிக்கு ஒருவரையும் அங்கேயே பிடித்துவிடுங்கள்.

படி 4: முதல் பயிற்சியைத் தாளில் எழுதுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. கோலுக்கு முன்னால் பன்னிரண்டு பேரை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக அடிக்க விடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஆளுக்கு 15 நொடி என்றால் அடுத்த முறை வர மூன்று நிமிடம். பதினைந்து நிமிடத்தில் ஒரு பிள்ளை ஐந்தே தடவை பந்தைத் தொடும். மீதி நேரத்தில் முன்னால் நிற்பவனைக் கிள்ளும், புல்லைப் பிடுங்கும். அடக்கமில்லாத பிள்ளைகள் என்று நாம் நினைப்போம். தப்பு வரிசையில்தான் இருக்கிறது.

ஒரு மணி நேரத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். வந்தவுடன் சிறு ஆட்டம்: மூன்று பேர் வந்தாலும் ஆடத் தொடங்கட்டும், பின்னால் வருபவர்கள் சேர்ந்துகொள்வார்கள். நடுவில் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஒரே ஒரு திறன். கடைசி இருபது நிமிடம் மறுபடியும் ஆட்டம்.

நடுப்பகுதிக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். பதினைந்து மீட்டர் சதுரத்துக்குக் கோன் வையுங்கள். எல்லோரிடமும் பந்து, இரண்டு பேரிடம் மட்டும் இல்லை. அந்த இருவரும் மற்றவர்களின் பந்தைச் சதுரத்துக்கு வெளியே தட்டிவிட வேண்டும். பந்தை இழந்தவர்களை வெளியே உட்கார வைக்காதீர்கள். முதலில் இழப்பது யார்? பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளைதான். பந்தை எடுத்து வந்து, அதன் மேல் இடது, வலது என்று பத்து முறை பாதம் வைத்துத் தட்டிவிட்டு உள்ளே வரட்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பறிப்பவர்களை மாற்றுங்கள். இடையில் ஒரே ஒரு குறிப்பு போதும்: "பந்துக்கும் அவனுக்கும் நடுவில் உன் உடம்பு இருக்கட்டும்."

விளக்கம் அரை நிமிடத்தைத் தாண்டினால் நிறுத்திவிட்டுச் செய்துகாட்டுங்கள். உங்களுக்கு ஆடவே வராது என்றால், வருகிற பிள்ளையைச் செய்யச் சொல்லுங்கள்.

சின்ன வயதில் எல்லோரும் பந்தை ஈ மொய்ப்பதுபோல் மொய்ப்பார்கள். அது வயதின் இயல்பு. "உன் இடத்தில் நில்" என்று திட்டித் திருத்த வேண்டியதில்லை.

படி 5: வார்ம் அப்

மைதானத்தைச் சுற்றி ஓட விடுவதை மறந்துவிடுங்கள். ஃபிஃபாவின் "11 பிளஸ் கிட்ஸ்" என்ற பயிற்சித் தொகுப்பு இந்த வயதுக்கென்றே உருவானது. ஒற்றைக் காலில் சமநிலை, குதித்து இறங்குதல், அடிபடாமல் விழுந்து உருளுதல் எல்லாம் அதில் உண்டு. நான்கு ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. வாரம் இரண்டு முறை, கால் மணி நேரம் செலவிடத் தகுந்தது.

படி 6: பாதுகாப்பு

கோல் கம்பத்தை நீங்களே அசைத்துப் பாருங்கள். நகர்த்தக்கூடிய கோல்கள் கவிழ்ந்து பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். தரையோடு கட்டியோ எடை வைத்தோ இல்லாத கோலின் பக்கத்தில் பயிற்சி வைக்காதீர்கள், அதில் யாரையும் தொங்க விடாதீர்கள்.

தலையில் அடிபட்ட பிள்ளை தடுமாறினாலோ, தலைவலி, குமட்டல், குழப்பம் என்றாலோ உடனே வெளியே எடுங்கள். சந்தேகம் இருந்தாலே போதும். "எனக்கு ஒன்றுமில்லை" என்று அது கெஞ்சினாலும் அன்று திரும்ப இறக்கக் கூடாது. மருத்துவர் பார்த்த பிறகுதான் ஆட்டம். சின்ன வயதில் பந்தைத் தலையால் முட்டுவதும் வேண்டாம். அமெரிக்கக் கால்பந்து கூட்டமைப்பு 2015-இல் பத்து வயது வரை அதைத் தடை செய்தது. இங்கிலாந்திலும் 2020 முதல் தொடக்கப்பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் அது வேண்டாம் என்று வழிகாட்டியிருக்கிறார்கள்.

இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ அனுப்புங்கள். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்தே திரும்பலாம்.

படி 7: முதல் போட்டிக்கு ஒரு அட்டவணை

யார் எப்போது இறங்குவது என்பதை முந்தின நாளே எழுதிவிடுங்கள். ஆட்டத்தின் சூட்டில் முடிவெடுத்தால் நன்றாக ஆடுபவர்களே களத்தில் இருப்பார்கள். நால்வர் ஆட்டம், ஏழு பிள்ளைகள், நான்கு கால்பகுதி என்றால் மொத்தம் 16 இடம். எல்லோருக்கும் இரண்டு கால்பகுதி போக, இருவருக்கு மட்டும் மூன்றாவது கிடைக்கும். அந்த இருவர் யார் என்று குறித்துவைத்து, அடுத்த வாரம் வேறு இருவருக்குக் கொடுங்கள். கோல்கீப்பர் உள்ள பிரிவாக இருந்தால் அந்த இடத்தையும் சுற்றில் விடுங்கள், ஒரே பிள்ளையைச் சீசன் முழுக்க அங்கேயே நிறுத்த வேண்டாம்.