வெயிலில் டயர் சூடாவதைக் குறைப்பது எப்படி

கோடையில் டயர் வெடித்தால் பழி முழுக்க ரோட்டுச் சூட்டின் மேல்தான் விழுகிறது. உச்சி வெயிலில் தார் ரோடு 60 டிகிரி செல்சியஸ் வரைகூடப் போகும், அது உண்மைதான். ஆனால் ஓடும் டயரில் சேரும் சூட்டில் பெரும்பங்கு டயரே உண்டாக்குவது. தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் அமுங்கும், சக்கரம் சுற்றி மேலே போனதும் நிமிரும். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை இப்படி மடங்கி நிமிரும்போது, அமுக்குவதற்குச் செலவான சக்தியில் ஒரு பகுதி திரும்பி வராமல் சூடாகத் தங்கிவிடுகிறது. காற்று குறைந்தால் பக்கச்சுவர் இன்னும் அதிகமாக மடங்கும், சூடும் ஏறும்.

ஆகவே முதல் வேலை காற்று பார்ப்பது. வண்டி 3 மணி நேரமாவது நின்று டயர் ஆறிய பிறகு பாருங்கள். சரியான அளவு, காரில் பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும், இல்லையென்றால் வண்டியோடு வந்த கையேட்டில். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது உச்ச அளவு, அதை வைத்துக் காற்று அடிக்காதீர்கள்.

ஓடி வந்த சூட்டோடு அளந்தால் காற்றழுத்தம் சில பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) கூடத்தான் காட்டும், ஏறக்குறைய 5, 6 டிகிரிக்கு 1 பிஎஸ்ஐ என்ற கணக்கில். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடுகிறார்கள், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்! ஆறியதும் அந்த டயரில் காற்று போதாமல் போகும், அடுத்த பயணத்தில் முன்பைவிட அதிகமாகச் சூடாகும். நைட்ரஜன் அடித்தால் இந்தத் தொல்லையே இல்லை என்பதையும் நம்ப வேண்டாம், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

அப்புறம் சுமையும் வேகமும். இரண்டும் சேர்ந்து கூடும்போதுதான் ஆபத்து, நிறைய ஏற்றியிருந்தால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். பிரேக்கை முன்கூட்டியே மெதுவாக அழுத்துங்கள். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் நின்றுவிடுவதைத் தடுக்கும் வசதி) இல்லாத வண்டியில் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டால், ரப்பர் ஒரே இடத்தில் தேய்ந்து அந்த இடம் தட்டையாகிவிடும்.

நீண்ட பயணத்தில் வண்டியை நிறுத்தும்போது ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு டயர் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால் அதில் காற்று குறைந்திருக்கலாம். டயரைவிட நடுவிலுள்ள ரிம் அனலாக அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம், மெக்கானிக் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.