அரசு நிறுவனத்தை யார் நடத்துகிறார்கள் என்று பார்ப்பது எப்படி?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கடை வைத்திருந்தாலும் சரி, செந்தூலில் இருந்து வேலைக்குப் போனாலும் சரி, ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கு இருந்தால் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல் போன்ற நிறுவனங்களில் உங்கள் பணமும் இருக்கிறது, அதனால் அவற்றின் நிர்வாகத்தைக் கவனிப்பது உங்கள் வேலைதான்.

பங்குச் சந்தையான புர்சா மலேசியாவின் தளத்தில் ஆண்டறிக்கையை இறக்கி, பளபளப்பான படங்களைத் தாண்டி நேராகப் பங்குதாரர் பட்டியலுக்குப் போங்கள். தெனாகாவில் ஈபிஎஃப்போடு கசானா, பிஎன்பி என்ற அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனங்களும் வரும். சதவீதத்தோடு நிறுத்தாதீர்கள்: நிதியமைச்சரிடம் ஒரு சிறப்புப் பங்கு இருக்கிறது, சில முக்கிய முடிவுகளுக்கு அதன் சம்மதம் வேண்டும்.

அப்புறம் இயக்குநர்கள். சுயேச்சை இயக்குநர், அதாவது நிர்வாகத்தையும் பெரிய பங்குதாரர்களையும் சாராதவர் என்ற பெயரில் ஒருவர் 12 ஆண்டுக்கு மேல் நீடிக்க புர்சா விதி இடம் தராது, நியமனத் தேதியைப் பாருங்கள். தணிக்கைக் குழுத் தலைவரும் வாரியத் தலைவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

பட்டியலிடப்படாத நிறுவனங்கள்தான் சிக்கல். ஊழலில் சிக்கிய அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி முழுக்க நிதியமைச்சின் உடைமை, பெரிய முடிவுகளுக்குப் பிரதமரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்று அதன் அமைப்பு விதிகளில் 117ஆம் விதி சொன்னது, ஆடிட்டர்களோ மாறிக்கொண்டே இருந்தார்கள். ஆடிட்டர் மாறியிருந்தால் காரணத்தைத் தேடுங்கள், என் கணக்கில் அதுதான் முதல் எச்சரிக்கை. பட்டியலிடப்படாத நிறுவனங்களின் விவரங்களை எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) கட்டணம் கட்டி வாங்கலாம்.

பட்டியலிட்ட நிறுவனம் என்றால் ஒரு லாட், அதாவது 100 பங்கு, உங்கள் பெயரில் இருந்தாலே ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். பக்க எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.